அத்தர்க்காரர் வீட்டுச் சட்டம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கிற பற்களும் இந்த நிமிஷமே உதிரட்டும். மிச்சமிருப்பதே சொற்பம். அதை வைத்துப் பந்தயம் கட்டுகிறேன் என்றால் விஷயம் எவ்வளவு உண்மை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் ஒரு பெரிய வாசனைக் கடையில் வேலை. தெருவுக்கே அவர் அத்தர்க்காரர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மூக்கென்றால் அது மூக்கு. மூடின குப்பியை மேசைமேல் வைத்தால் போதும். உள்ளே இருப்பது ரோஜாவா மல்லிகையா, மல்லிகையென்றால் விடிகாலையில் பறித்ததா வெயிலேறிப் பறித்ததா, பறித்தவளுக்கு ஜலதோஷம் இருந்ததா என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். கடைசிச் சங்கதியை யாரும் போய் விசாரித்ததில்லை. அதனால் அவர் சொன்னது ஒரு நாளும் தப்பானதில்லை.

இப்பேர்ப்பட்ட மூக்குக்கு வாய்த்த மனைவி, கக்கூஸ் செய்து விற்கிறவர்.

அதுவும் சாதாரணக் கக்கூஸ் இல்லை. தண்ணீரே ஊற்ற வேண்டாத கக்கூஸ். கண்ணாடி போலத் தேய்த்த ஆசனம், அதற்குள்ளேயே இரண்டு வழி. நீர் முன்பக்கக் குழாயில் போய்விடும். மற்றது பின்பக்கம் ஒரு பெட்டிக்குள் விழும். எழுந்ததும் சாம்பலும் மரத்தூளும் கலந்த பொடியை ஒரு கரண்டி தூவினால் தீர்ந்தது காரியம். பெட்டி நிறைந்தால் அந்த அம்மாளின் வண்டி வந்து எடுத்துக்கொண்டு வேறு பெட்டி வைத்துவிட்டுப் போகும். எடுத்துப்போனது மாதக்கணக்கில் மூடிக்கிடந்து, மண்ணோடு மண்ணாகி, கடைசியில் யாரோ ஒருவருடைய தோட்டத்தில் மரத்துக்கு அடியில் போய்ச் சேரும். சாக்கடையும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பள்ளத்துக் குடியிருப்பு. அங்கே குழாய் வராது, தோண்டினால் தண்ணீர்தான் ஊறும். அங்கே பாதி வீடுகளுக்கு மேல் இவர் வைத்துக் கொடுத்ததுதான். அங்கே போய் எஞ்சினியரம்மா என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதுதான் பட்டறை. வேலைக்கு வருகிறவர்கள் பின்சந்து வழியாக வந்து அப்படியே போய்விடுவார்கள். வீட்டிலிருந்து கொட்டகைக்கு ஒரு கதவு உண்டு. அத்தர்க்காரர் அந்தக் கதவைத் தொட்டதே இல்லை. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டால்கூட விழிப்பார்.

வெட்கம். வேறென்ன. கடையில் பட்டும் பவளமுமாக வருகிறவர்களின் புறங்கையில் சந்தனத்தைத் தொட்டு வைக்கிற மனிதர். சாயங்காலம் வீட்டுத் திருப்பத்தில் ரிக்‌ஷாக்காரர் "கக்கூஸ் பட்டறை வீடுதானே சார்?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஒருவர் கேட்டேவிட்ட அன்றைக்கே மனைவிக்கு ஒரு சட்டம் போட்டார்.

"இங்க பாரு. இந்த வாசப்படிக்கு உள்ள அந்த வேலையப் பத்தி ஒரு பேச்சு வரக் கூடாது. யாருக்கு விக்கிற, எங்க வெக்கிற, ஒண்ணும் எனக்குத் தெரிய வேணாம்."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

"நாளைக்கு நீங்களே கேட்டா?"

"நானே கேட்டாலும் சொல்லாத. எனக்கு வெளிய தலைகாட்ட வெக்கமா இருக்கு."

"பள்ளத்துல பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஒதுக்குப்புறம் தேடிட்டு இருந்தாங்க. அந்த வெக்கத்தப் போக்கறதுக்கே எனக்கு நேரம் பத்தல. உங்க வெக்கத்த எப்பங்க பாக்கறது?"

"பாத்தியா, ஆரம்பிச்சிட்ட."

"சரிங்க."

அந்தச் 'சரிங்க'வைக் கேட்டதுமே அவர் பயந்திருக்க வேண்டும். பெண்டாட்டி எதிர்த்துப் பேசினால் பிழைத்துக்கொள்ளலாம். சரிங்க என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனால், போனவள் எதை மடிக்கிறாள் என்று பார்க்க வேண்டும். அத்தர்க்காரர் பார்க்கவில்லை.

கடையில் முதலாளி ஒரு நாள் கேட்டார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். அவசரமென்றால் என்னவென்றே தெரியாத மனிதர்.

"வீட்ல அம்மா என்ன பண்றாங்க?"

"பூவேலை சார்," என்றது அத்தர்க்காரரின் வாய். மூளையைக் கேட்காமலே சொல்லிவிட்டது. "துணியில பூப் போடுவா. நூல்லயே."

"அப்படியா. எனக்கு ஒரு கைக்குட்டை போட்டுத் தரச் சொல்லுங்களேன்."

எட்டாவது கடையிலோ பத்தாவது கடையிலோ தேடிப்பிடித்து, மூலையில் நீலப் பூப் போட்ட கைக்குட்டை ஒன்றை வாங்கி, கடைச் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து அது அவர் சட்டைப் பையை விட்டு இறங்கவே இல்லை. ஒவ்வொரு முறை அவர் நெற்றியைத் துடைக்கும்போதும் அத்தர்க்காரருக்குக் காது சுட்டது.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் கடைக்குப் பின்னாலிருந்த சாக்கடை எதிர்த்துக்கொண்டு உள்ளே வந்தது. வாசனைக் கடையில் சாக்கடை. ஒரு வாடிக்கைக்காரர் தாழம்பூவை முகர்ந்துவிட்டு, "இது புது ரகமா?" என்று கேட்டபோது முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வார விடுமுறையன்று யாரையோ வரவழைத்துப் பின்கட்டை அடியோடு மாற்றினார். மறுநாள் அத்தர்க்காரர் உள்ளே போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு.

வீட்டுக்கு வந்தும் அது அடங்கவில்லை.

"எங்க கடைக்குப் புதுசா ஒண்ணு வாங்கியிருக்கார் முதலாளி. பாக்கணுமே நீ."

"என்னது?"

"அதான்... உக்கார்றது."

"நாற்காலியா?"

"நாற்காலி மாதிரி. ஆனா நாற்காலி இல்ல."

"சட்டத்துக்கு உட்பட்டதா, உட்படாததா?"

"நான் பேசலாம், நீ பேசக் கூடாது. தண்ணியே வேணாம் தெரியுமா? நாத்தமே இல்ல. என் மூக்குக்கே தெரியலன்னா பாத்துக்க. பித்தளக் கிண்ணத்துல ஏதோ ஒரு பொடி. ஒரு கரண்டி தூவினா போதும்."

"என்ன பொடிங்க?"

"உனக்குப் புரியாது. மூலிகையா இருக்கும். வெளிநாட்டுச் சரக்கு."

"வெளிநாடுன்னு எழுதியிருக்கா?"

"எழுதணுமா? உக்காந்தா தெரியாது?"

அந்த அம்மாள் மடித்துக்கொண்டிருந்த துணியை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். வெகுநேரம் இருமினார்.

"நீயும்தான் செய்யற, சாம்பலக் கொட்டிட்டு."

"நீங்க ஒரு தடவகூடப் பாத்ததில்லையே."

"பாக்கணுமா? என் மூக்கு இங்கிருந்தே பாக்குது."

இப்படி தினம் ஒரு கச்சேரி. ஆசனத்தின் வழவழப்பு ஒரு நாள், மூடியின் கைப்பிடி ஒரு நாள். அந்த அம்மாள் சமையல்கட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்பார். மூடி இறுகலாகத் திறக்கிறது என்று இவர் ஒரு நாள் குறைப்பட்டுக்கொண்டார். மறுவாரம் அது தளர்ந்திருந்தது. வெளிநாட்டுச் சரக்கு தானாகவே சரிசெய்துகொள்ளும் என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்.

வந்தது சோதனை. முதலாளி ஒரு நாள் கூப்பிட்டு, "புதுக் கிளைக்கு உங்களையே பொறுப்பாப் போடலாம்னு இருக்கேன்," என்றார். அத்தர்க்காரருக்கு உச்சி குளிர்ந்தது. "அதுக்கு முன்னால ஒரு நாள் வீட்டுக்கு வரேன். அம்மாவுக்கு நேர்ல நன்றி சொல்லணும்." குளிர்ந்த உச்சி உறைந்தது.

முதலாளி வருவதற்குள் பட்டறை போக வேண்டும். நேரே எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் போனார்.

"டாக்டர், நீங்க தெருச் சங்கத்துல ஒரு புகார் சொல்லணும். பட்டறையால நாத்தம்னு."

"உங்க வீட்டம்மா மேல நானா சொல்றது?"

"நீங்கதான் வலிக்காமப் புடுங்கறவராச்சே."

டாக்டருக்கும் உள்ளுக்குள் ஒரு வலி இருந்தது. அவரிடம் வருகிற நோயாளிகள் வழி கேட்டால், தெருக்காரர்கள் "கக்கூஸ் பட்டறைக்கு எதிர்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பல்லைக் காட்ட வருகிறவன் அதைக் கேட்டால் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போய்விட மாட்டானா?

"சரி, நான் சொல்றேன். நீங்க?"

"நான் நடுவுல நிக்கறேன். கடைசியில என் மூக்கைக் கேப்பாங்க. மூக்கு தீர்ப்புச் சொல்லும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தர்க்காரர் வீட்டுக் கூடத்திலேயே கூட்டம். காலையிலிருந்து பெட்டி வண்டியைக்கூடச் சந்தில் காணவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். கூடம் முழுக்கப் பன்னீர் தெளித்திருந்தார். தெருவே வந்து உட்கார்ந்தது. தெருவில் சாக்கடை நிறைந்து வாசல்வரை வந்து நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டித் தாண்டித்தான் எல்லாரும் வந்தார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பொதுச் சாக்கடை. யார்மேலும் புகார் சொல்ல முடியாது.

டாக்டர் எழுந்து புகாரைச் சொன்னார். பட்டறை இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று முடித்தார்.

அந்த அம்மாள் எழுந்தார். கையில் சிமெண்டுத் தூள் காய்ந்திருந்தது. "மழைக்கு முன்னால பள்ளத்துல பாக்கி வீடுங்களுக்கு வெச்சுத் தரேன்னு சொல்லியிருக்கேன். இப்ப எடுத்தா அது நின்னு போகும். போன வருஷ மழையில ஒதுங்க இடமில்லாம அங்க பொம்பளைங்க தவிச்சது உங்களுக்கே தெரியும். நாத்தம்னு சொல்றவங்க உள்ள வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. கதவு தொறந்துதான் இருக்கு."

யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லார் கண்ணும் அத்தர்க்காரரின் மூக்கில் வந்து நின்றது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் பொதுவாச் சொல்றேன். புருஷன்னு பாக்காதீங்க. சுத்தம்னா எப்படி இருக்கணும் தெரியுமா? எங்க முதலாளி கடையில வந்து பாருங்க..." என்று ஆரம்பித்து, ஆசனம், மூடி, பித்தளைக் கிண்ணம், மூலிகைப் பொடி என்று ஒன்று விடாமல் வர்ணித்தார். பேசப் பேச அவருக்கே நெஞ்சு நிறைந்தது. "அது வெளிநாடு. அந்த மாதிரி ஒண்ணே ஒண்ணு இவ பட்டறையில இருந்து வரட்டும். நானே அதத் தலையில தூக்கிட்டு தெருத் தெருவாப் போறேன். வரலன்னா பட்டறைய எடுத்துடட்டும்."

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றார் மனைவி.

"கேட்டோம்."

"ஏங்க, பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாறினா என் மூக்கை அறுத்துக்கறேன்."

மனைவி வாசலைப் பார்த்து, "உள்ள வாங்க சார்," என்றார்.

சாக்கடையை நிதானமாகத் தாண்டி, செருப்பை நிதானமாகக் கழற்றி, முதலாளி உள்ளே வந்தார். அத்தர்க்காரர் துள்ளி எழுந்தார். "சார், நீங்களா? சொல்லியனுப்பியிருந்தா..."

"நீங்க எங்க இங்க?" என்றார் முதலாளி.

"என் வீடு சார்."

"எஞ்சினியரம்மா வீடுன்னு சொன்னாங்களே." முதலாளி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "நம்ம கடையில அத வெச்சுக் குடுத்தது இவங்கதான். வாராவாரம் ஆள் அனுப்பிப் பாத்துக்கறாங்க. தெருக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு கேட்டாங்க. அதான் வந்தேன்."

கூடத்தில் ஓர் ஈ பறந்தது. அது எந்தப் பக்கம் போனது என்று எல்லாருக்கும் கேட்டது.

"வெளிநாடுன்னீங்களே சார்?" என்றார் டாக்டர்.

"அவர் சொன்னது தப்பில்ல டாக்டர்," என்றார் மனைவி. "பின்கதவத் தாண்டினா அவருக்கு வெளிநாடுதான்."

முதலாளிக்கு எதுவும் புரியவில்லை. அத்தர்க்காரரிடம் மெதுவாகக் கேட்டார். "இவங்க உங்களுக்கு யாரு?"

எளிதான கேள்வி. தெருவே அவர் வாயைப் பார்த்தது. அந்த அம்மாளும் பார்த்தார். உதவிக்கு வரவில்லை, காத்திருந்தார். அத்தர்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என் வீட்டுக்காரி சார்."

முதலாளியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கைக்குட்டையை எடுத்தார். மூலையிலிருந்த நீலப் பூவைப் பார்த்தார். வெடித்துக் காய்ந்த அந்தக் கைகளைப் பார்த்தார். "அப்ப இந்தப் பூ?"

அந்த அம்மாள் கைக்குட்டையை வாங்கிப் பார்த்தார். அதுவரை இதைப் பற்றி அவருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா இருக்கு," என்றார். "யார் போட்டதுங்க?"

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று அத்தர்க்காரர் நின்றார். பூமி அப்படியே கெட்டியாகக் கிடந்தது. மனைவியின் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கதானே சட்டம் போட்டீங்க. நீங்களே கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு."

முதலாளி முன்னால் நடந்தார். தெருவே பின்கதவு வழியாகக் கொட்டகைக்குள் போனது. கடைசியாக அத்தர்க்காரரும் போனார். தாழ்ப்பாள் இடது பக்கம் இருந்தது.

வரிசையாக ஆசனங்கள் காய்ந்துகொண்டிருந்தன. கடையில் அவர் தினமும் மெச்சிய அதே வழவழப்பு, அதே கைப்பிடி. மூக்கைத் தூக்கினார். ஈரச் சிமெண்டு. புது மரத்தூள். மூலையில் மூடியிட்ட தொட்டியிலிருந்து, காட்டில் மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஒரு மண்வாசனை. அந்தத் தொட்டியில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். மூக்கு அவரை நட்டாற்றில் விட்டுவிட்டது.

ஆசனம் தேய்த்துக்கொண்டிருந்த பள்ளத்துப் பெண் ஒருத்தி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "யாரும்மா இவரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"ஐயாவா? எப்ப வந்தீங்க வெளிநாட்லேர்ந்து?"

அத்தர்க்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் முதல்முறையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீயும் பொய் சொன்னியா?"

"இங்க எல்லாரும் கேப்பாங்க, ஐயா ஏன் ஒரு நாள்கூட எட்டிப் பாக்கறதில்லன்னு. என் வேலைக்கு அவர் வெக்கப்படறார்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

அத்தர்க்காரர் மெல்லத் திரும்பினார். கதவருகே போய், கொட்டகைக்குள் ஒரு காலும் வீட்டுக்குள் ஒரு காலுமாகக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வீட்டுக்குள் இருந்த காலையும் எடுத்து இந்தப் பக்கம் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் கனைத்தார். "தலையில தூக்கிட்டுன்னு ஏதோ சொன்னீங்களே சார்?"

"டாக்டர், நீங்க யார் பக்கம்?"

"எங்க வீட்ல இப்பதான் ஒண்ணு வேணும்னு சொன்னா. இனிமே நான் பட்டறைப் பக்கம்."

அத்தர்க்காரர் முதலாளியைப் பார்த்தார். அவராவது வேண்டாமென்று சொல்வாரென்று நினைத்தார். முதலாளி கைக்குட்டையால் நெற்றியைத் துடைக்கப் போனார், என்ன நினைத்தாரோ, புறங்கையால் துடைத்துக்கொண்டார். "கிளைக்குப் பொறுப்பா வர்றவர் சொன்ன சொல்லக் காப்பாத்தணும்," என்றார்.

மனைவிதான் பழைய துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டி அவர் தலையில் வைத்தார். பக்குவமாக, ஒரு முடிகூடக் கலையாமல் வைத்தார். அதன்மேல் ஆசனம் ஏறியது.

தெருவில் இறங்கினார்கள். அவர் முன்னால், அந்த அம்மாள் பின்னால்.

"என்ன சார் அது?" என்றது முதல் ஜன்னல்.

அவர் நடையை எட்டிப் போட்டார்.

"சொல்லுங்க," என்றார் மனைவி பின்னாலிருந்து.

"கக்கூஸ்," என்றார் அத்தர்க்காரர், கழுத்துக்குள்ளேயே.

"கேக்கலயாம்."

"கக்கூஸ்." வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சொல் அவர் வாயைவிட்டுச் சத்தமாக வெளியே வந்தது. வானம் இடியவில்லை. அடுத்த ஜன்னலில், "தண்ணி வேணாம்," என்று சேர்த்துக்கொண்டார். அதற்கடுத்த வாசலில், "நாத்தம் கிடையாது, என் மூக்கு உத்தரவாதம்," என்றார். விற்றுப் பழகிய வாய், அதைச் சும்மா வைத்திருக்க முடியுமா? தெருமுனை வருவதற்குள் மூடியின் கைப்பிடி வரைக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். நடையில்கூட ஒரு மிடுக்கு வந்துவிட்டது. செய்த பாவத்தையெல்லாம் தலையில் சுமந்து கழித்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது. முனையில் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பக்கம் இல்லைங்க," என்றார் மனைவி.

"தெரு முடிஞ்சுதே?"

"தெருத் தெருவான்னு சொன்னீங்க. நேராப் போங்க, வாய்க்காலத் தாண்டணும். பள்ளத்துல ஒரு வீட்டுக்கு இன்னிக்கு வெச்சுத் தரேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். காலையிலேர்ந்து வண்டி ரிப்பேர். எப்படிடா கொண்டுபோறதுன்னு கவலையா இருந்துச்சு, நல்லவேளையா நீங்க வாயைத் தொறந்தீங்க."

நடந்தது இதுதான். நாலு பேரிடம் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். நானும் அந்த அம்மாளிடம் ஒன்று வேண்டுமென்று சொல்லிவைத்திருக்கிறேன். அந்த வண்டி இன்னும் ரிப்பேராகித்தான் கிடக்கிறது. தூக்கிக்கொண்டு வரப்போகிறவர் அத்தர்க்காரர்தான்.